இருபுறமும் எழுதிய குறிப்பேடு



இவ்வாண்டு மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டது ஒரு தன்னறிமுகக் கட்டுரை. புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர் எவ்வூரார், எத்தகையவர் என்பதை அறியப் பெற்றோர் விரும்புகின்றனர் என்றும், மூன்று பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும், புகைப்படத்தைத் தனியே தரவேண்டும் என்றும் குழுச் செயலாளராகிய ஆசிரியை கூறினார். படித்த பள்ளிகள், பெற்ற சான்றிதழ்கள், பணியாற்றிய இடங்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதித் தந்தால் போதும் என்பது அவர் எண்ணம். ஆனால் அவையெல்லாம் அலுவலகக் கோப்பில் உள்ளன. கோப்பைப் படித்து எவரும் ஒரு மனிதரை அறிந்துகொண்டதாக யாம் கேள்விப்பட்டதில்லை. ஒருவர் எதன் முன் தம்மை மறந்து நின்று விடுகிறார், எதை வாங்க ஆசைப்படுகிறார் என்பவற்றைக் கொண்டே அவரை அறிய முடியும் என்பது எம் துணிபு. ஆகவே யாம் விரும்புவனவற்றைப் பற்றியே எழுத முற்படுகின்றோம்.

கோப்புக்கு உரியதை முதலில் சுருங்கச் சொல்லி முடித்து விடுவோம். யாம் பிறந்தது 1970-ஆம் ஆண்டில், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், ஒரு தோட்டத்து லயத்தில். தந்தையார் பால்மரம் வெட்டியவர். தாயார் முதலில் வெளிக்காட்டு வேலையும் பின்னர்ச் செம்பனை வேலையும் செய்தவர். ஐந்து பிள்ளைகளுள் யாம் மூன்றாமவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பணியில் இருக்கின்றோம். துணைவியாரும் ஆசிரியையே. பிள்ளைகள் இருவர். நீரிழிவு நோய் உண்டு. ஆகவே பள்ளி விழாக்களில் எமக்கெனக் கேசரி எடுத்து வைக்க வேண்டா. ‘யாம்’ என்று எழுதுவதைக் கண்டு சிறுவர்கள் சிரிக்கக்கூடும். எம் கல்லூரித் தமிழ் விரிவுரையாளர், ‘நான்’ என்னும் சொல் ஒரு பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டு விடுவார். அந்த அச்சம் இன்னும் விடவில்லை.

எம் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு எப்போதும் இருக்கும். குறும்பு செய்வோர் பெயரை எழுதி வைக்கும் ஏடு அது என்று பிள்ளைகள் பலர் அஞ்சுகின்றனர் போலும். அன்று. அது 555 என்னும் எண் பொறித்த, உள்ளங்கை அளவுள்ள புத்தகம். பெரியவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கென்றே பிறந்தது போன்ற புத்தகம் அது. எம் தந்தையார் பெயரில் அப்படியொன்று தோட்டத்துக் கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அரிசி, மாவு, மண்ணெண்ணெய், கருவாடு என்று மாதம் முழுதும் அதில் ஏறும். சம்பள நாளன்று குறுக்கே ஒரு கோடு விழும். மறுநாளே புதுப் பக்கம் தொடங்கும். ஆசிரியரான முதல் ஆண்டில், அதே புத்தகத்தை வாங்கி வேறு வகையில் பயன்படுத்த வேண்டும் என்று எமக்குத் தோன்றியது. அதன் முன்புறத்தில் யாம் கண்ட பறவைகளையும் பூச்சிகளையும் மரங்களையும் எழுதத் தொடங்கினோம். தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால், பின்புறத்தில் யாம் வாங்க ஆசைப்பட்ட பொருள்கள் இருக்கும். இரண்டும் நடுவில் சந்திக்கும்போது புதுப் புத்தகம் வாங்குவோம். இதுவரை முப்பத்தேழு புத்தகங்கள் ஆகியுள்ளன. எம்மை அறிய விரும்புவோர் அவற்றைப் படித்தாலே போதும். கையெழுத்து மட்டும் அவ்வளவு நன்றாக இராது.

முன்புறத்தை முதலில் திறப்போம்.

விடிவதற்கு முன்பே யாம் பள்ளிக்கு வந்து விடுவது சிலருக்குக் கடமையுணர்ச்சியாகத் தோன்றலாம். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி, பள்ளித் திடலுக்கு அப்பால் கம்பத்தின் மேல் நிற்கும் மரப்பெட்டி. ‘அது தபால் பெட்டியா, ஐயா?’ என்று முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அது கூகையின் வீடு. வெள்ளை முகமும் சத்தமில்லாச் சிறகும் உடைய அப்பறவை இரவெல்லாம் எலி பிடித்துவிட்டு, வெளிச்சம் வருமுன் வீடு திரும்பும். ஆந்தை இனம் அலறினால் வீட்டில் தீங்கு வரும் என்று அஞ்சுவோர் நம்மில் இன்றும் உளர். அப்படியாயின் தோட்ட நிருவாகங்கள் செலவு செய்து கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி வைப்பதேன்? செம்பனைப் பழத்தைக் கடித்துத் தின்னும் எலிகளை ஒழிக்கத்தான். ஓர் இணைக் கூகையும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் பல நூறு எலிகளைத் தின்று விடும்.

கால்வாய் ஓரத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுகின்றன. ஆண் குருவி புல்லைக் கிழித்து நாராக்கிக் கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்தும். பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்காவிட்டால் ஆண் குருவி வேறொரு கூட்டைத் தொடங்க வேண்டியதுதான். முன்பணம் கட்டிய பின் கைவிடப்பட்ட வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றைக் கண்ட நம் நாட்டில், பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளும் அச்சிறு குருவியின் அறிவு எமக்குப் பெரிதாகவே தோன்றுகிறது.

ஆயினும் எம் குறிப்பேடுகளில் மிகுதியான பக்கங்களைப் பிடித்துக்கொண்டது பறவை அன்று, ஒரு வண்டு. அரிசி மணியைவிடச் சிறியது. அதனைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

நம் நாட்டில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917-ஆம் ஆண்டில், நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றவர். பெயர் தென்னமரம், வளர்ந்தது செம்பனை என்பது ஒரு வேடிக்கை. செம்பனை ஆப்பிரிக்க மரம். மரம் கப்பலேறி வந்ததேயன்றி, அங்கு அதன் பூக்களிடையே மகரந்தம் சுமந்த பூச்சி உடன் வரவில்லை. ஆகவே பல தோட்டங்களில் அந்த வேலையை மனிதர் செய்ய வேண்டியதாயிற்று; பெரும்பாலும் பெண்கள். ஆண்பாளையிலிருந்து மகரந்தத்தை உதிர்த்துச் சேர்த்து, வேறு தூளோடு கலந்து, மரம் மரமாகச் சென்று பெண்பாளையில் தூவ வேண்டும். 1970-களின் இறுதியில் எம் தாயார் அந்த வேலையில் இருந்தார். முகத்தில் துணி கட்டி, நீண்ட கைச்சட்டை போட்டுக்கொண்டு போவார். மாலையில் திரும்பும்போது மட்டை முள் கிழித்த கீறல்கள் மணிக்கட்டு வரை இருக்கும். தலைமுடியில் மஞ்சள் தூள் படிந்திருக்கும். எமக்கு அது அழகாகத் தெரிந்த வயது.

1981-ஆம் ஆண்டில் கமெரூன் நாட்டிலிருந்து அந்த வண்டு கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. எலைடோபியஸ் கமெருனிகஸ் என்பது அதன் அறிவியற் பெயர். அது ஆண்பாளையில் முட்டையிட்டுப் பெருகும். பெண்பாளையும் அதே மணத்தை வீசுவதால் ஏமாந்து அங்கும் போகும். போகும்போது மகரந்தத்தையும் கொண்டு சேர்க்கும். மகரந்தம் தூவும் வேலை தோட்டங்களில் மெல்ல நின்றுபோயிற்று. தொழிலுக்கு அதனால் வந்த ஆதாயம் பெரிது. எம் தாயார் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். ‘அந்தப் பூச்சிக்கு யாருடா சம்பளம் குடுக்கிறா?’ என்று அவர் ஒருநாள் கேட்டதை, இரண்டு செய்திகளையும் சேர்த்தே, எம் முதற் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளோம்.

மறுநடவு செய்த இளம் மரங்கள் பள்ளி வேலியை ஒட்டி நிற்கின்றன. ஆண்பாளை மலர்ந்திருக்கும் நாளில் அருகே போனால் சோம்பு வாசனை வீசும். பாளையை மெல்லத் தட்டினால் கருப்பழுப்பு வண்டுகள் கூட்டமாகக் கிளம்பும். நம் பெற்றோருள் பலர் நாள்தோறும் அம்மரங்களுக்கிடையே நடக்கின்றனர். அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கவர்கள் அவர்களே. ஆசிரியர்கள் பிறகுதான்.

இரவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எம் சிறு வயதில் லயத்துக்கு மின்சாரம் மாலையில் தொடங்கிப் பத்து மணி வரை மட்டுமே வரும். தோட்டத்து மின்பொறி நின்றதும் ஊரே ஒரு நொடியில் கறுத்துப்போகும். அப்போதுதான் மின்மினிகள் தெரியும். அதனினும் பெரிய காட்சியை, ஆற்றங்கரையில் இருந்த உறவினர் வீட்டுக்குச் சென்றபோது கண்டோம். சிலாங்கூர் ஆற்றின் ஓரத்தில், கம்போங் குவாந்தான் பக்கத்தில், பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிவிட்டு அணைந்துகொண்டிருந்தன. இன்றும் அங்குத் துடுப்புப் போடும் சம்பானில் ஏறிச் சென்று அதனைக் காணலாம். அம்மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. புழுப் பருவத்தில் அவை மரத்தில் இல்லை. கரையோர ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை வெட்டித் துப்புரவாக்கினால் மரம் நிற்கும், மின்மினி இராது. உலகத்தார் பலர் வானூர்தி ஏறி வந்து பார்க்கும் காட்சி இது. இந்த மாவட்டத்திலேயே பிறந்த நம் ஐந்தாம் ஆண்டு மாணவர் பதினெட்டுப் பேரில் அதனைப் பார்த்தவர் நால்வர். பேரங்காடிக்குப் போயிராதவர் ஒருவரும் இலர்.

யாம் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எம் மேசையருகே வந்தான். கைகளைக் கட்டிக்கொண்டு மிகுந்த பணிவோடு அவன் கேட்ட முதற்கேள்வி: ‘ஐயா, உங்க ஹேண்ட்போன் என்ன வெல?’ விலையைச் சொன்னோம். அவன் முகத்தில் தோன்றிய இரக்கத்தை யாம் இன்னும் மறக்கவில்லை. அவனைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. அவன் கேட்டது எம் குறிப்பேட்டின் பின்புறத்தை.

அதனையும் திறப்போம்.

யாம் ஆசை அற்ற முனிவர் அல்லோம். எழுதுபொருள் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன் எம்மை நிறுத்திவிட்டுத் துணைவியார் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பினாலும் யாம் அதே இடத்தில் நிற்போம். ஊற்றுப் பேனா எம் பெரும் பலவீனம். அதற்கடுத்துக் கைக்கடிகாரம், மழைக்காலணி, சுழல் நாற்காலி, பெரிய எழுத்து அகராதி, தொலைநோக்கி என்று பட்டியல் நீளும். ஒரு பொருளின்மேல் ஆசை வந்தால் அன்றைய தேதியையும் அதன் விலையையும் பின்புறத்தில் எழுதுவோம். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்ப்போம். அப்போதும் ஆசை இருந்தால் பணம் சேர்க்கத் தொடங்குவோம். இல்லாவிட்டால் குறுக்கே ஒரு கோடு. சென்ற புத்தகத்தில் இருபத்தாறு பொருள்கள் இருந்தன. இருபத்திரண்டின் குறுக்கே கோடு விழுந்தது. அவற்றுள் சிலவற்றை எதற்காக விரும்பினோம் என்பதே நினைவில் இல்லை. மூன்று மாதம் கூட உயிர் வாழாத ஆசைக்கு மூன்றாண்டுத் தவணையா என்று எமக்குச் சிரிப்பு வரும்.

விலைக்கு அருகே இன்னோர் எண்ணும் இருக்கும். அது எம் தந்தையாரின் கணக்கு. யார் எந்தப் பொருளைக் கொண்டுவந்து காட்டினாலும் அவர் விலையைக் கேட்க மாட்டார். ‘இது எத்தன பெரட்டு?’ என்பார். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போகும் ஒரு நாள்தான் அவருக்கு நாணயம். இக்காலத்துக்கு அதனை மாற்றிப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. மாதத்தில் 26 நாள் வேலை என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. 1,300 வெள்ளிக் கைப்பேசி இருபது பெரட்டு. பல்லைக் காட்டும் லபுபு பொம்மைக்காக 2025-இல் பிள்ளைகள் அடம்பிடித்தார்களே, உள்ளே எது இருக்கும் என்று தெரியாமலேயே வாங்கும் அந்தப் பெட்டி 65 வெள்ளி என்றால், அப்பாவின் ஒரு முழு நாள். மழை பெய்தாலும் போன நாள்.

விலைச் சீட்டில் 99.99 வெள்ளி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனை நூறு என்று படியாமல் தொண்ணூறு சொச்சம் என்று நம் கண் படிக்கிறது. அதற்காகவே அப்படி எழுதுகின்றனர். அந்த ஒரு காசாவது மிச்சமாகுமா? 2008 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்து வாங்குகிறார்கள். 99.99 என்பது கடைக்காரர் பெட்டியருகே வந்ததும் நூறு வெள்ளியாகி விடும். நான்காம் ஆண்டு மாணவர்களிடம் இதனைச் சொன்னபோது, கணக்குப் பாடத்தில் எழாத சினம் அவர்கள் முகத்தில் எழுந்தது.

எம் இளமையில் ஆசையை வளர்க்க வந்தவர் துணி வியாபாரி. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் மூட்டையோடு லயத்துக்கு வருவார். திண்ணையில் விரித்து வைப்பார். ‘காசு மெதுவா குடுங்கம்மா’ என்பார். 1984-இல் டிவி3 ஒளிபரப்புத் தொடங்கியபோது, படத்தைவிட விளம்பரத்தைப் பார்க்கவே யாம் அடுத்த வீட்டு வாசலில் கூடியதுண்டு. ஆயினும் வியாபாரி மாலையில் போய்விடுவார். மின்பொறி பத்து மணிக்கு நின்றுவிடும். ஆசைக்கும் ஓய்வு நேரம் இருந்தது. இன்று வியாபாரி நம் தலையணைக்கு அடியில் படுத்திருக்கிறார். தொலைநோக்கி ஒன்றின் விலையை யாம் கைப்பேசியில் ஒரே ஒருமுறை பார்த்தோம். அதன் பின்னர் இரண்டு மாதம், செய்தி படித்தாலும், சமையற் குறிப்பைப் பார்த்தாலும், ஓரத்தில் அதே தொலைநோக்கி வந்து நின்றது. பதினோராம் மாதம் பதினோராம் தேதிக்கு ஒரு மலிவு விற்பனை. 2009-இல் சீனாவில் ஒரு நிறுவனம் தொடங்கிய வழக்கம் அது. இப்போது ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதிக்கும், பத்தாம் மாதம் பத்தாம் தேதிக்கும் வந்துவிட்டது. நம் முன்னோர் நாட்காட்டியில் திருவிழாவைக் குறித்தனர். வணிகர் நாட்காட்டியின் எண்களையே திருவிழாவாக்கி விட்டனர்.

தோட்ட மக்கள் வீண் செலவாளிகள் என்று மேடையேறி முழங்குவோர் உண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதற்கு யாம் முன்பு பணியாற்றிய பள்ளியில் 2017-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பள்ளி விட்டபின், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தையார் ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டுபவர். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவரிடம், பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு பாடத் தொகுப்பை அவர் தவணையில் வாங்கியிருந்தார். புத்தகங்களும் கையடக்கக் கருவியும் அடங்கிய பெரிய பெட்டி. கையெழுத்திட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ‘மாசம் நூத்திப் பதினெட்டுதானே சார்னு நெனச்சேன். எப்ப முடியும்னு பாத்துச் சொல்லுங்க’ என்றார். மாதம் 118 வெள்ளி. மொத்தம் 36 மாதம். பென்சிலால் அத்தாளின் ஓரத்தில் பெருக்கிக் காட்டினோம்: 4,248 வெள்ளி. அந்நாளில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி. எம் தந்தையாரின் கணக்கில் அது நூற்றுப் பத்துப் பெரட்டு. அவர் வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தொகுப்பின் பாதி இடைநிலைப் பள்ளி மாணவருக்கு உரியது. அக்கட்டுகள் பிரிக்கப்படாமலே கட்டிலுக்கு அடியில் இருப்பதாகவும் சொன்னார். ‘நம்மள மாதிரி குலை வெட்டப் போகக் கூடாதுன்னுதான் சார்…’ என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவர் ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்டவரா? குடிப்பவரும் அல்லர், சூதாடுபவரும் அல்லர். பிள்ளையின் மேல் வைத்த அன்பே அவரைக் கையெழுத்து இடச் செய்தது. அந்த விற்பனையாளர் எதனைத் தூண்டிலில் மாட்ட வேண்டும் என்று நன்றாக அறிந்திருந்தார். நம் வாசலுக்கு வருபவர்கள் ‘உங்களுக்கு வாங்குங்கள்’ என்று சொல்வதில்லை. ‘பிள்ளைக்கு வாங்குங்கள்’ என்றே சொல்கிறார்கள். முழுத் தொகையையும் அவர் கட்டி முடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார். மகளின் விளையாட்டுப் போட்டி நாளன்றும் போயிருந்தார்.

நம் மக்களுக்குச் சட்டத்தின் துணை இல்லாமல் இல்லை. 1967-ஆம் ஆண்டிலேயே வாடகைக் கொள்முதலுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் வழி, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் அமைந்தது. வாங்கிய பொருளைப் பற்றிய வழக்கை அங்கே கொண்டு செல்ல மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கல்லூரி நாள்களில் யாம் விரும்பிப் படித்த ஏடுகளுள் ஒன்று, பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் ‘பயனீட்டாளர் குரல்’. அச்சங்கத்தைப் பல்லாண்டு தலைமையேற்று நடத்தி, 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இதிரீஸ் அவர்கள், எளிய மக்கள் தாம் வாங்கும் பொருளைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர். நடுவர் மன்றம் என்று ஒன்று இருப்பதை நம் தோட்டத்தில் எத்தனை பேர் அறிவர் என்று இவ்வாண்டுப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டோம். இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று எம் துணைத் தலைமையாசிரியருடையது.

பிள்ளைகளிடமும் ஒரு முயற்சி செய்து பார்த்தோம். நான்காம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு 555 புத்தகம் கொடுத்து, எம்மைப் போலவே இருபுறமும் எழுதச் சொன்னோம். முதல் வாரத்தில் பின்புறம் நிரம்பி வழிந்தது. முன்புறத்தில் ‘காகம்’, ‘பூனை’ என்று இரண்டு சொற்கள். ஒருநாள் காலையில் அவர்களை வேலியோரச் செம்பனைக்கு அழைத்துச் சென்று பாளையை முகர்ந்து பார்க்கச் செய்தோம். ‘எங்கம்மா வைக்கிற குருமா வாசம்!’ என்று ஒருத்தி கத்தினாள். வண்டுகள் பறந்தபோது பாதிப் பேர் ஓடினர். மீதிப் பேர் இன்னும் தட்டச் சொன்னார்கள். மறுநாள் புத்தகங்களைப் பார்த்தோம். வண்டின் படத்தை ஆறு காலோடும் நீண்ட மூக்கோடும் பலர் வரைந்திருந்தனர். ஒரு மாணவன் மட்டும், ‘வண்டு நல்லா இருந்துச்சு. ஆனா எனக்கு ஹேண்ட்போன்தான் வேணும்’ என்று எழுதியிருந்தான். உண்மையை எழுதியமைக்காக அவனுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. விலையையும் நாளையும் பக்கத்தில் எழுதுமாறு மட்டும் சொன்னோம். எழுதியிருக்கிறான்: இருபது. அதன் கீழே, ‘அப்பாகிட்ட இன்னும் கேக்கல’ என்று ஒரு வரியும் இருக்கிறது.

எம்மைப் பற்றி இனிச் சொல்ல மிச்சமிருப்பவை சில ஏற்பாடுகளே. தொலைநோக்கியின் ஆசை எட்டு மாதம் கழித்தும் போகவில்லை. ஆகவே பணம் சேர்த்துச் சென்ற ஆண்டு வாங்கினோம். அது தலைமையாசிரியர் அறையில் ஆணியில் தொங்குகிறது. நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட மாணவர் எவரும் பெயர் எழுதிவிட்டு இடைவேளையில் எடுத்துச் செல்லலாம். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மின்மினிகளைக் காணும் பயணத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இசைவு தந்துள்ளது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களோடு பெற்றோரில் ஒருவரும் வரவேண்டும் என்பது எம் விருப்பம். நிலவில்லாத இரவாகப் பார்த்துத் தேதி குறிப்போம். கைப்பேசியின் விளக்கை ஆற்றில் எவரும் போடக்கூடாது.

புதன்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு மணி முதல் யாம் அலுவலகத்தில் இருப்போம். தவணைத் தாள், கடன் தாள், காப்புறுதித் தாள், கைப்பேசியில் வந்த செய்தி, எதுவாயினும் கொண்டு வாருங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் படித்துச் சொல்வோம். கையெழுத்திடுமுன் வந்தால் நன்று. இட்ட பிறகு வந்தாலும் வாருங்கள். பிள்ளைகள் இப்பள்ளியில் படிக்காதவர்களும் வரலாம். பழம் ஏற்றும் நாளில் வேலை முடியத் தாமதமாகும் என்பதை அறிவோம். ஐந்தரை மணி வரை கதவு திறந்திருக்கும்.